ஆட வரவில்லை

"அக்கா, புறக்கணிப்புன்னு ஏன் மாத்துனீங்க? அவங்க டிக்கெட் வாங்காம இருக்கல. வேலைக்கு வராம இருக்காங்க."

2020 ஆகஸ்ட் 27, வியாழன் அதிகாலை. இரண்டேகால் மணி இருக்கும். செய்தி டெஸ்க்கில் என்னோடு வேலை பார்த்த தம்பி போனில் கேட்டது இதுதான். "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்டா, காலையில பார்த்துக்கலாம்" என்றேன். காலையில் பார்க்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் ஆட வராத செய்தி. அதன் தலைப்பில் ஒரு சொல், அவ்வளவுதான். இரவு ஷிஃப்டில் நாற்பது ஐம்பது தலைப்புகளில் கை வைக்கிறவளுக்கு இது நினைவில் தங்க வேண்டிய காரணமே இல்லை. ஆனால் தங்கிவிட்டது. வேறு வேலைக்கு வந்த பிறகும், யாராவது எழுதிய தலைப்பைத் திருத்தப் போகும்போது அந்தக் குரல் கேட்கிறது. கோபமான குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவனின் குரல். கோபப்பட்டிருந்தான் என்றால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லி அன்றே மறந்திருப்பேன்.

அந்த ஷிஃப்டில் நான் இன்சார்ஜ். விளையாட்டுப் பக்கம் அவனுடையது. பெரியகுளத்துக்காரன். அந்த ஊரில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். பள்ளியில் ஆடியும் இருக்கிறான். "கூடைப்பந்தைத் தமிழில் யார் படிக்கப் போகிறார்கள்" என்று ஆபீசில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஐபிஎல் தள்ளிப்போய் விளையாட்டுப் பக்கம் காலியாகக் கிடந்ததால் அவனுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவை எழுதினான். நான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதே அவன் எழுதித் தந்த காப்பியைத் திருத்தித்தான்.

அவனுக்கு அமைந்த சீசனும் அப்படி. 2019 அக்டோபர் 22-ல் தொடங்கியது 2020 அக்டோபர் 11-ல்தான் முடிந்தது. நடுவில் ஜனவரி 26-ல் முன்னாள் நட்சத்திர வீரர் கோபி பிரையன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மார்ச் 11 அன்று ரூடி கோபேர் என்ற வீரருக்குக் கொரோனா தொற்று உறுதியானதும் லீக் அப்படியே நின்றது. அப்புறம் ஜூலை 30 முதல் ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்துக்குள் 22 அணிகளைத் தங்க வைத்து, ரசிகர்கள் இல்லாத அரங்கில் மீதியை நடத்தினார்கள். தரையில் 'கறுப்பு உயிர்கள் முக்கியம்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. ஜெர்சியில் பெயருக்குப் பதில் ஒரு வாசகம் போட்டுக்கொள்ள வீரர்களுக்கு அனுமதி இருந்தது. ஆனால் வாசகம் லீகும் வீரர் சங்கமும் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருந்து வர வேண்டும்.

மயாமி ஹீட்டின் ஜிம்மி பட்லர் மட்டும் எந்த வாசகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று ஆகஸ்ட் 1 அன்று வெற்று முதுகோடு களத்துக்கு வந்தார். ஆட்டம் தொடங்கும் முன் ஜெர்சியை மாற்றச் சொல்லிவிட்டார்கள். பெயர் போட்ட ஜெர்சியோடு ஆடினார். இதைப் பற்றித் தம்பி நாலு வரி எழுதியிருந்தான். அன்று எனக்கு அது ஒரு துணுக்குச் செய்தியாகத்தான் பட்டது.

ஆகஸ்ட் 23-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரை, அவருடைய பிள்ளைகள் காரில் இருக்கும்போதே, ஒரு போலீஸ்காரர் முதுகுப்பக்கமாக ஏழு முறை சுட்டார். மில்வாக்கியில் இருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. மறுநாளே மில்வாக்கி பக்ஸ் அணியின் ஜார்ஜ் ஹில், இந்த டிஸ்னி வளாகத்துக்கு நாங்கள் வந்திருக்கவே கூடாது என்று நிருபர்களிடம் சொன்னார். டொரான்டோ வீரர்கள் ஆடாமல் இருப்பது பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள். கிளிப்பர்ஸ் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ், தன் தந்தையும் போலீஸ்காரர்தான் என்று சொல்லி, நாங்கள் இந்த நாட்டை நேசித்துக்கொண்டே இருக்கிறோம், அது எங்களைத் திருப்பி நேசிப்பதில்லை என்று கண் கலங்கினார். ஆக, ஏதோ வரப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 26-ம் தேதி இரவு ஷிஃப்ட் தொடங்கும்போதே "அக்கா, இன்னைக்கு நான் கொஞ்சம் முழிச்சு உட்கார்றேன்" என்றான்.

பக்ஸும் ஆர்லாண்டோ மேஜிக்கும் மோதும் ஐந்தாவது ஆட்டம் நம் நேரப்படி ஒன்றரை மணிக்கு. தொடரில் பக்ஸ் 3-1 என்று முன்னால் இருந்தது. ஜெயித்தால் அடுத்த சுற்று. ரிசல்ட் காப்பியை ஸ்கோர் மட்டும் நிரப்ப வேண்டியபடி தயார் செய்து வைத்திருந்தான். மேஜிக் வீரர்கள் வந்து பயிற்சி எடுத்தார்கள். எதிர்ப் பக்கம் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் உள்ளே போய்விட்டார்கள்.

தம்பி அனுப்பிய முதல் வரி: "பக்ஸ் வீரர்கள் ஆட வரவில்லை."

அதை அப்படியே பிரேக்கிங்கில் போட்டேன். இருபது நிமிடத்தில் முழுக் காப்பி வந்தது. தலைப்பு: "கெனோஷா துப்பாக்கிச்சூடு: என்பிஏ வீரர்கள் வேலைநிறுத்தம்." நான் 'வேலைநிறுத்தம்' என்பதை எடுத்துவிட்டு 'புறக்கணிப்பு' என்று போட்டேன். அப்போதுதான் அந்தப் போன். அதற்குப் பிறகு, அன்றைய மூன்று ஆட்டங்களும் தள்ளிவைக்கப்படுகின்றன என்று லீக் அறிவித்தது. நான் இன்னொரு முறை தலைப்பில் கை வைத்தேன். "என்பிஏ ஆட்டங்கள் ஒத்திவைப்பு, வீரர்கள் புறக்கணிப்பு." லீக் முதலில் வந்துவிட்டது. வீரர்கள் காற்புள்ளிக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

இதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கல்.

முதல் காரணம், அமெரிக்க ஊடகங்கள் பெரும்பாலும் 'பாய்காட்' என்றே எழுதின. எங்களுக்கு அங்கே நிருபர் கிடையாது. செய்தி ஏஜென்சி என்ன சொல்கிறதோ அதைத் தமிழில் தருவதுதான் எங்கள் வேலை. இரவு இரண்டு மணிக்கு, முழு விவரம் தெரியாத செய்தியில், டெஸ்க் தானாக ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கக் கூடாது. இது சரியான விதி. இன்றும் ஜூனியர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். ஆனால் அதே வாரம் வேறு எத்தனையோ செய்திகளில் ஏஜென்சி சொல்லை மாற்றி நமக்குப் பொருத்தமாகப் போட்டவள்தான் நான். 'பாய்காட்'டுக்கு மட்டும் அவ்வளவு விசுவாசம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலேயே அன்று இதே கேள்வி எழுந்தது என்று மறுநாள் பார்த்தேன். காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கார்ட்டெஸ், வாங்க மறுப்பதுதான் பாய்காட், உழைக்க மறுப்பது ஸ்ட்ரைக், வீரர்கள் செய்வது ஸ்ட்ரைக் என்று பதிவு போட்டிருந்தார். பெரியகுளத்துப் பையன் இரவு இரண்டேகால் மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சொன்னதும் அதே விஷயம்தான். அதைப் படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன். அப்புறம் அனுப்பவில்லை. அனுப்பினால் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், வீரர்களே அதற்குப் பெயர் வைக்கவில்லை. மூன்று மணி நேரம் உடைமாற்றும் அறையை விட்டு அவர்கள் வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடி விஸ்கான்சின் அட்டர்னி ஜெனரல் ஜோஷ் காலிடமும் துணை ஆளுநர் மண்டேலா பார்ன்ஸிடமும் போனில் பேசினார்கள். பிறகு ஜார்ஜ் ஹில்லும் ஸ்டெர்லிங் பிரவுனும் முன்னால் நின்று அறிக்கையை வாசித்தார்கள். பாய்காட் என்றும் இல்லை, ஸ்ட்ரைக் என்றும் இல்லை. இன்று எங்கள் கவனம் கூடைப்பந்தில் இருக்க முடியாது என்றார்கள். களத்தில் எங்களிடம் உச்சபட்ச உழைப்பையும் பொறுப்பையும் எதிர்பார்க்கிறீர்கள், அதையே சட்டம் இயற்றுகிறவர்களிடமும் காவல்துறையிடமும் நாங்கள் கேட்கிறோம் என்றார்கள். மாநிலச் சட்டமன்றம் கூட வேண்டும் என்றார்கள்.

ஸ்டெர்லிங் பிரவுன் அந்த அறிக்கையை வாசித்ததற்கு ஒரு கனம் உண்டு. 2018 ஜனவரியில் மில்வாக்கியில், காரைத் தவறாக நிறுத்தியிருந்தார் என்ற விஷயத்தில் தொடங்கி, போலீசார் அவரைத் தரையில் தள்ளி மின்னதிர்ச்சித் துப்பாக்கியால் சுட்டார்கள். அதே ஊர், அதே அணி. தம்பி அதை ஒரு முழுப் பத்தியாக எழுதியிருந்தான். நீளம் கருதி வேறு இரண்டு பத்திகளை வெட்டினேன், அதை வெட்டவில்லை. மனசு குத்தும்போதெல்லாம் அந்தப் பத்தியை நினைத்துக்கொள்வேன். தலைப்பை விட்டுவிட்டேன், ஆனால் உள்ளே இருந்ததைக் காப்பாற்றினேன் என்று. ஆனால் போனில் படிக்கிறவர்களில் பலர் தலைப்போடு நகர்ந்துவிடுவார்கள் என்று வகுப்பு எடுத்தவளும் நான்தான்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில், ஒப்பந்த காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அப்படியென்றால் அந்த இரவில் 'வேலைநிறுத்தம்' என்று எழுதுவது, வீரர்கள் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று நாமே தீர்ப்பு எழுதுவதாகும். சொல்லை மாற்றி நான் அவர்களுக்கு நல்லதுதான் செய்தேன். இந்த வாதத்தை நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அந்தப் பிரிவைப் பற்றி நான் படித்தது இரண்டு நாள் கழித்து. அதிகாலை இரண்டேகாலுக்கு எனக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றைக் காரணமாகக் கொண்டு நான் எதையும் செய்திருக்க முடியாது.

சொல்லைப் பற்றியே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம்மூரில் பஸ் டிரைவர்கள் செய்தால் வேலைநிறுத்தம். மில் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் செய்தால் வேலைநிறுத்தம். வக்கீல்கள் செய்தால் நீதிமன்றப் புறக்கணிப்பு. மாணவர்கள் செய்தால் வகுப்புப் புறக்கணிப்பு. மாணவர்களை விடுங்கள், அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் கோட் போட்டவருக்கு ஒரு சொல், காக்கி போட்டவருக்கு ஒரு சொல் என்று நாம் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அப்படி வந்து சேர்ந்திருக்கிறது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற கூடைப்பந்து வீரரை என் கை தானாக வக்கீல் வரிசையில் வைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் அந்த மே 15 முதல் அவர்கள் சம்பளத்தில் 25 சதவீதம் பிடித்தம் செய்யப்பட்டது. அந்தச் செய்தியையும் நான்தான் பார்த்து அனுப்பினேன்.

வேலைநிறுத்தம் என்றால் முதலாளியிடம் ஒரு கோரிக்கை இருக்க வேண்டும், இவர்களுக்கு அணி உரிமையாளர்களிடம் கோரிக்கை இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். பக்ஸ் உரிமையாளர்கள், எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஆதரித்திருப்போம் என்றே அறிக்கை விட்டார்கள். ஆனால் நம் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேலை, நிறுத்தம். யாரிடம் கேட்கிறோம் என்பது அதில் இல்லை. வேலை நின்றது என்பது மட்டும்தான் இருக்கிறது. அந்த இரவு நடந்ததும் அதுதான். புறக்கணிப்பு என்றால் பொருட்படுத்தாமல் ஒதுக்குவது. அவர்கள் ஆட்டத்தை ஒதுக்கவில்லை. ஆட்டத்தைத் தவிர அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லாததால் அதை நிறுத்தினார்கள்.

இதைப் புதிதாக நடந்தது போல எழுதியதும் எங்கள் தவறு. 1961-ல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஹோட்டல் காபி ஷாப்பில் கறுப்பின வீரர்களுக்குப் பரிமாற மறுத்ததும், பில் ரஸ்ஸலும் பாஸ்டன் அணியின் மற்றக் கறுப்பின வீரர்களும் அன்றைய காட்சி ஆட்டத்தை ஆடாமல் ஊருக்குக் கிளம்பினார்கள். 1964 ஆல் ஸ்டார் ஆட்டத்தின்போது, ஓய்வூதியம் பற்றி உறுதி கொடுத்தால்தான் வெளியே வருவோம் என்று அத்தனை நட்சத்திரங்களும் உடைமாற்றும் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். டிவி ஒளிபரப்பு காத்திருந்தது. லீகின் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்த பிறகுதான் ஆட்டம். தம்பி இந்த இரண்டையும் எழுதியிருந்தான். நீளம் கருதி வெட்டியவை இவைதான்.

சரி, இவ்வளவு சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஏப்ரலில் எங்களுக்கு ஒரு மெயில் வந்தது. அந்த வருடம் பல ஆபீஸ்களில் வந்த மெயில்தான். சம்பளத்தில் பிடித்தம், எத்தனை மாதம் என்று குறிப்பிடவில்லை. டெஸ்க் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் "இது எப்போ திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்டார். யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. அந்தக் கேள்விக்குக் கீழே காலை ஷிஃப்ட் பட்டியல் வந்து விழுந்தது, குரூப் நகர்ந்துவிட்டது. ஜூன் மாதத்தில் கேட்டவர் வேலையில் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று என்னால் நிரூபிக்க முடியாது. தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்.

ஆகஸ்டில் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, காலை ஆறு மணிக்கு முகப்பைப் பார்க்கிறவர்களின் கண்ணில் 'வேலைநிறுத்தம்' என்ற சொல் பெரிய எழுத்தில் படும் என்பதுதான். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எந்தச் சொல்லையும் போடக் கூடாது என்று அந்த ஆபீசில் யாரும் எப்போதும் எனக்குச் சொன்னதில்லை. போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிறவர்களைப் பற்றிய செய்தி அது. ஆனால் என் கை முந்திக்கொண்டது. ஏஜென்சி விதியெல்லாம் அதற்குப் பின்னால் வந்து நின்றது.

அந்தக் கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று சில இரவுகளில் தோன்றும். அம்மா பள்ளி ஆசிரியை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலையை இழந்ததை, அந்த வயதில் ஓர் ஆசிரியர் வீட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. அந்தத் தாழ்ந்த குரல் கைக்குள் இறங்கியிருக்கலாம். இப்படிச் சொல்லும்போது நான் என்னைத் தப்ப வைக்கிறேனோ என்றும் சந்தேகம். தம்பியின் பெரியப்பாவும் ஆசிரியர்தான். அவனும் அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவன்தான். அவன் கை அந்தச் சொல்லை எழுதியதே.

அன்று டிவியில் நடந்த ஒன்றைப் பிறகு கிளிப்பாகப் பார்த்தேன். ஸ்டூடியோவில் நேரலை. முன்னாள் வீரர் கென்னி ஸ்மித் வர்ணனையாளர் நாற்காலியில் இருக்கிறார். ஒரு கறுப்பினத்தவனாக, முன்னாள் வீரனாக, இன்றிரவு நான் இங்கே இல்லாமல் இருப்பதுதான் வீரர்களுக்குத் துணையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகிறார். மற்றவர்கள் ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள். இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் ஆடுகிறவர் இல்லை. நம்மைப் போல, ஆட்டத்தைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவர். நான் மைக்கைக் கழற்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தலைப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லைத் தொடாமல் விட்டிருந்தால் போதும்.

ஆனால் அவரோடு என்னை ஒப்பிட முடியாது என்பதும் நியாயம்தானே. அவருக்கு அந்த வேலை போயிருந்தாலும் வாழ்க்கை நடந்திருக்கும். எனக்கு வீட்டு வாடகை, அம்மாவின் மருந்து. தம்பிக்கு ஒப்பந்த வேலை. என் தலைப்பால் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இன்று நான் வேறொரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். அவனைக் காப்பாற்றத்தான் மாற்றினேன் என்றுகூடச் சில நாள் நினைத்ததுண்டு. அன்று அவனைப் பற்றி ஒரு நொடியும் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

காப்பாற்றவும் இல்லை. செப்டம்பர் நடுவில் ஒரு பட்டியல் வந்தது. நாலு பேருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அதில் அவன் ஒருவன். அதற்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் இன்சார்ஜ் நிரப்ப வேண்டிய படிவம் எனக்கு வந்திருந்தது. அவனைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதினேன். எழுதியதோடு சரி. யாருக்கும் போன் செய்து, இந்தப் பையன் போனால் இரவில் விளையாட்டுப் பக்கம் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்குமா என்று தெரியாது. சொல்லிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதற்குள் 'பபிள்' என்று சொல்லப்பட்ட அந்த டிஸ்னி வளாகத்தில் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. அமெரிக்க நேரப்படி ஆகஸ்ட் 26 இரவு வீரர்கள் கூடிப் பேசியபோது சீசனையே முடித்துக்கொள்ளலாம் என்று லேக்கர்ஸும் கிளிப்பர்ஸும் சொன்னதாகச் செய்தி வந்தது. ஒபாமாவிடம் ஆலோசனை கேட்டார்கள். மறுநாள் தொடர முடிவானது. சமூக நீதிக்காக ஒரு கூட்டமைப்பை அமைப்பது, அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளை நவம்பர் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாகத் திறந்துவிடுவது என்று லீக் ஒப்புக்கொண்டது. 29-ம் தேதி ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. பக்ஸ் மேஜிக்கை வென்றது, அடுத்த சுற்றில் மயாமியிடம் 4-1 என்று தோற்று வெளியேறியது. அதுதான் தம்பி எழுதிய கடைசிப் பெரிய காப்பி. அவர்கள் கேட்டபடி விஸ்கான்சின் சட்டமன்றத்துக்குச் சிறப்புக் கூட்டம் ஆகஸ்ட் 31-ல் அழைக்கப்பட்டது. விவாதம் எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அன்றைய அலுவல் முடிந்தது. சுட்ட போலீஸ்காரர் மீது வழக்கு இல்லை என்று 2021 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சூட்டில் ஜேக்கப் பிளேக்குக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது.

அந்தச் சட்டமன்றச் செய்தியைத் தம்பி எனக்கு அனுப்பி, "இதைப் போடலாமா அக்கா?" என்று கேட்டான். போட்டோம். நாலு வரி. "ஒரு நிமிஷம்கூட இல்லக்கா" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தலைப்பைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

லேக்கர்ஸ் மயாமியை 4-2 என்று வென்ற அக்டோபர் இரவில் காப்பியை நான் எழுதினேன். லேக்கர்ஸ் வீரர் லெப்ரான் ஜேம்ஸின் பழைய பட்டங்கள், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் என்ற குறிப்பு, பட்லர் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருந்தன. போவதற்கு முன் அவன் தயார் செய்து, 'அக்காவுக்கு' என்று பெயர் போட்டு வைத்துவிட்டுப் போன ஃபைல்.

அவன் இப்போது மதுரைப் பக்கம் வேறு வேலையில் இருக்கிறான். மே மாதம் வந்தால் பெரியகுளத்தில் இருந்து ஒரு படம் அனுப்புவான். விளக்கு வெளிச்சத்தில் மைதானம், சுற்றிலும் கூட்டம். நானும் ஏதாவது பதில் அனுப்புவேன். அந்த இரவைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவனுக்கு அது நினைவிருக்கிறதா என்றுகூடத் தெரியாது. நினைவில்லை என்றால் எனக்கு நிம்மதியாக இருக்குமா, வருத்தமாக இருக்குமா என்று யோசித்திருக்கிறேன். இரண்டு பதிலும் வந்திருக்கிறது, வெவ்வேறு நாட்களில்.

நான் அந்த ஆபீசை விட்டு வந்த கடைசி நாள் மதியம், செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. அந்தச் செய்தியைத் தேடி எடுத்துத் திருத்தங்களின் பட்டியலைத் திறந்தேன். நாலு வரிகள், நேரத்தோடும் பெயரோடும். ஆட வரவில்லை, அவன் பெயர். வேலைநிறுத்தம், அவன் பெயர். புறக்கணிப்பு, என் பெயர். ஒத்திவைப்பு, என் பெயர். அன்று மாலை ஆறு மணி வரை திருத்தும் அனுமதி எனக்கு இருந்தது. தலைப்பில் கர்சரை வைத்து, கடைசி இரண்டையும் எடுத்துவிட்டு, "பக்ஸ் வீரர்கள் ஆட வரவில்லை" என்று அடித்தேன். சேமிக்கப் போனால் ஒரு பெட்டி வரும், பழைய செய்தியைத் திருத்தினால் காரணம் எழுதச் சொல்லி. வந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சேமிக்காமல் மூடிவிட்டேன்.